அந்தக் கணினியை நான் இன்னும் அணைக்கவில்லை

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே குளிர் கடுமையாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

பொங்கலன்று நீ அனுப்பிய செய்தியில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி வாழ்த்து. இரண்டாவது வரியில், "அப்பா, என் ரூம்ல இருக்குற கம்ப்யூட்டரை இனிமே ஆஃப் பண்ணிடலாம், கரண்ட் வேஸ்ட்" என்று எழுதியிருந்தாய். நான் இன்னும் அணைக்கவில்லை, அம்மா. மறந்துபோய் விட்டுவிடவில்லை, இரண்டு முறை உன் அறைக்குள் போய், மேசைக்குக் கீழே குனிந்து, சுவிட்சில் கையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதைப் போனில் சொல்லலாம் என்றால், நான் பேச ஆரம்பித்ததும் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மின்கட்டணத்தை நினைத்து நீ சொல்லியிருந்தால் அந்தக் கவலை வேண்டாம். ஒரு பழைய கணினி இழுக்கும் மின்சாரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? அது எங்களுக்குப் பாரமில்லை.

நீ உன் சிநேகிதர்களோடு இணையத்தில் கதை சொல்லி, பகடை போட்டு ஆடும் ஆட்டம் அந்தக் கணினியிலிருந்துதான் ஓடுகிறது. நீ கிளாஸ்கோவுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாய். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முன்னால் அது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வின்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு நடுவில் அணைந்து எழக்கூடாது. ரூட்டரில் 30000 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது என்றாய். நான் அவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ரூட்டரை மாற்றியபோது அந்த போர்ட்டை நான்தான் மறுபடி திறந்தேன். நீ அங்கிருந்து சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு உன்னைக் கேட்காமலேயே ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை முறையாக நிறுத்திவிட்டு, 'வேர்ல்ட்ஸ்' என்ற ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கிறேன். போன மாதமும் எடுத்தேன். எதுவும் தொலைந்துபோகவில்லை, அதை முதலில் தெரிந்துகொள்.

சனிக்கிழமைதோறும் ஏழே முக்காலுக்கு நீ எனக்குக் கொடுத்த பெயரில் உள்ளே நுழைந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆட்டம் நடக்கும் வரைபடத்தில் எனக்கென்று ஒரு காய் இல்லாததால், எனக்குத் திரை முழுவதும் இருட்டாகத்தான் தெரியும். நீ ஒவ்வொரு கோடாக இழுத்துக் கட்டிய சுவர்களும், வைத்த விளக்குகளும், மூடிய கதவுகளும் அந்த இருட்டுக்குள் இருக்கின்றன என்று தெரியும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு, அங்கே உனக்கு நண்பகல் பன்னிரண்டு, நீ வந்ததும் நான் வெளியேறிவிடுவேன். இப்போது பதினோரு வாரமாக எட்டு மணி ஆகிறது, எட்டே கால் ஆகிறது, ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற எழுத்தும் அந்தப் பல்சக்கரமும் மட்டும் இருட்டுக்கு நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒன்பது மணி வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்து வருவேன். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், எதுவும் கேட்கமாட்டாள்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, நுழைவுப் பக்கத்தில் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தபோது அதில் ஒரு பெயர் குறைந்திருந்தது. அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. பட்டியல் உன்னுடையது, யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது என்பது உன் விருப்பம். அம்மா எடுத்து வைத்திருந்த முறுக்கு டப்பா மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் சொல். நாங்கள் எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புகிறாய். அதைப் பார்த்து ஒரு பிள்ளை நன்றாக இருக்கிறாளா இல்லையா என்று பெற்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? இதைக் கோபமாக எழுதவில்லை. ஆனால் வருத்தம் இருக்கிறது, அதை மறைத்து எழுதவும் எனக்குத் தெரியவில்லை.

என் சிநேகிதர்களிடம் காப்பிக்கடையில் உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. மூன்று நாடுகளில் இருக்கும் ஐந்து பேருக்கு என் மகள் ஒரு மேசை போட்டு, கதை சொல்லி, மூன்று மணி நேரம் கட்டி ஆள்கிறாள், அந்த மேசை என் வீட்டில் இருக்கிறது என்று சொல்வேன். அவர்களுக்குப் புரியாது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதலில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தைப் பற்றியும், இருபது முகப் பகடையைப் பற்றியும் நீ எனக்குச் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். கணினி விளையாட்டு என்றே முடித்துவிடுவார்கள். ஆனால் நம் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நின்றிருந்து, 1843-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட கல்வெட்டைப் பற்றிச் சொன்னால் கேட்பார்கள். சின்ன வயதில் தேசிய அரும்பொருளகத்தில் அதன் துண்டு ஒன்றை உனக்குக் காட்டி, இந்த எழுத்தை இன்றுவரை யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை என்று நான் சொன்னது உன் நினைவில் நின்று, சிதறிய துண்டுகளைத் தேடிப் போகும் ஐந்து பேரின் கதையாக வளர்ந்திருக்கிறது. எல்லாரும் படிக்கத் திறந்து வைத்திருக்கும் உன் குறிப்பேட்டை நான் முழுவதும் படித்துவிட்டேன். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்ததை நீ கொண்டுவந்து கோத்திருக்கும் இடம் மிக நன்றாக இருக்கிறது. இதை நான் உன்னிடம் நேரில் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நீ அதை ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. 2020 ஜூன் மாதம். கிருமிப் பரவலை முறியடிக்க எல்லாரையும் வீட்டுக்குள் வைத்திருந்த இரண்டு மாதங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. ஆனாலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாது. நீ பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருந்தாய். முதலில் ரோல்20 என்ற இணையதளத்தில் ஆடிக்கொண்டிருந்த நீங்கள், அந்த மே மாதம் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள் வெளிவந்ததும் அதற்கு மாறினீர்கள். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் 50 அமெரிக்க டாலர் கொடுத்து நீ அதை வாங்கினாய். ஒருத்தர் வாங்கினால் போதும், மற்றவர்கள் சும்மா பிரௌசரில் வந்து உட்காரலாம் என்று நீ சந்தோஷமாகச் சொன்னபோது, அப்படியானால் மற்றவர்களுக்காக நீ ஏன் செலவு செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, மூடிய கதவுக்கு உள்ளே நீ சிரிப்பது கேட்டது. வேலை இல்லாத வீட்டில் என்ன சிரிப்பு என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், கூடத்திலிருந்த ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

உன் ஆட்டம் மட்டும் நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். மேசையே உன் கணினியில்தான் இருந்தது என்பதும், நான் பிடுங்கிய நொடியில் எல்லாருக்கும் அது மறைந்துபோயிற்று என்பதும் எனக்குத் தெரியாது. அவர்கள் டிஸ்கார்டில் பேசிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உன் குரல்தான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நீ வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய், என் கையிலிருந்த வயரைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசாமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய், ஜன்னலோரம் நின்று, "சாரி, வீட்ல நெட் போயிடுச்சு" என்று அவர்களிடம் சொன்னாய். நெட் போயிடுச்சு என்றுதான் சொன்னாய். அப்பா பிடுங்கிவிட்டார் என்று நீ சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம் கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்தவன் நான். ஒரு லைனை அணைப்பதற்கு முன்னால் அதில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்; சுவிட்சில் பூட்டுப் போட்டுப் பெயர்ச்சீட்டைத் தொங்கவிட வேண்டும்; போட்டவன்தான் வந்து அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும், மேலதிகாரியே சொன்னாலும் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. என்னிடம் வேலை கற்க வந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில், சொந்த மகள் ஐந்து பேரோடு இருந்த லைனை, யாரையும் கேட்காமல் பிடுங்கினேன். அது தவறு. நீ எங்களிடம் எதையும் சொல்லாமல் இருப்பது அன்றைக்குத் தொடங்கியதோ என்று, இந்தப் பதினோரு வாரமாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகையால், நீயே சொன்னாலும், ஒரு செய்தியின் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நான் அதை அணைக்கமாட்டேன். மற்ற நான்கு பேரிடம் கேட்டாயா? அவர்களுடைய ஆட்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள். உண்மையிலேயே போதும் என்று தோன்றினால் விடுமுறைக்கு வீட்டுக்கு வா. உன் கையாலேயே நிறுத்து. நான் பக்கத்தில் நிற்கிறேன். போதும் என்று இல்லாமல், இப்போதைக்கு முடியவில்லை என்றால், அது இருக்கட்டும். ஒரு வருடம் ஆனாலும் இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, இரவில் தூங்கு, முடிந்தால் வாரத்துக்கு ஒருமுறை அம்மாவோடு பேசு. அவளிடம் பேசினால் போதும், என்னோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை.

அம்மாவின் முட்டி வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டு ஆத்தா பேத்தியின் கல்யாணத்துக்கு அழைத்தார்கள், போய்வந்தோம். வேறு விசேஷம் இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உரையாடல் பகுதியின் கடைசியில் ஜோகூர்ப் பிள்ளை போட்ட பகடை அப்படியே நிற்கிறது. கதவை உடைத்துத் திறக்கப் போட்டிருக்கிறார், 17 விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எத்தனை விழுந்தால் அந்தக் கதவு திறக்கும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். திறந்ததா, பாப்பா?

அன்புடன்,
அப்பா