அந்தப் பருமனான மனிதருக்கு ஒரு பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், உலக சினிமா பக்கத்தில், போர்ச்சுகல் இயக்குநர் மனுவேல் த ஒலிவேரா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 106 வயது வரை வாழ்ந்து, நூறைத் தாண்டியும் படம் எடுத்த மனிதர். இரண்டு பக்கம் கொடுத்தது சரிதான். என் புகார் கட்டுரை மேல் இல்லை, அதன் நடுவில் இருந்த புகைப்படத்தின் மேல். ஒல்லியான இளைஞர் ஒலிவேரா, பக்கத்தில் உருண்டை முகத்தோடு பருமனான ஒருவர். கீழே "1933இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் ஒலிவேரா, சக நடிகருடன்" என்று போட்டிருந்தீர்கள்.

அந்தச் "சக நடிகர்" வாஸ்கோ சந்தானா. அந்தப் படத்தின் கதாநாயகனே அவர்தான். ஒலிவேரா அதில் நாயகனின் நண்பனாக வந்து போகிறார். 1933 நவம்பரில் லிஸ்பன் சாவ் லூயிஷ் அரங்கில் படம் வெளியானபோது ஜனங்கள் யாரைப் பார்க்கப் போனார்கள் என்பதில் இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நான் மதுரை தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது லிஸ்பனில் மகள் வீட்டில், பென்ஃபிகா பகுதியில் இருக்கிறேன். எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொலைக்காட்சியில் பழைய படம் போட்டால் கதவைத் தட்டிக் கூப்பிடுவார். எனக்குப் போர்ச்சுகீசியம் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவான். பாட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. வசனத்தை நடிகருக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். வாஸ்கோ சந்தானா பிறந்ததும் இதே பென்ஃபிகாவில்தான், 1898 ஜனவரி 28. அதில் பாட்டிக்கு ஒரு பெருமை, ஏதோ தன் சொந்த அண்ணன் மாதிரி.

அவர் குடும்பமே நாடகக் குடும்பம். மாமா லூயிஷ் கல்யார்து பெரிய நாடக முதலாளி. லிஸ்பன் நடுவில், லிபர்தாத் அவென்யூவை ஒட்டி 1922இல் திறந்த பார்க் மாயர் என்ற கேளிக்கைத் திடலுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். வாஸ்கோ கட்டடக் கலை படிக்க நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் 1917இலேயே, பத்தொன்பது வயதில், அவெனிதா அரங்கில் இன்னொரு நடிகருக்குப் பதிலாக மேடை ஏறிவிட்டார். அதன்பிறகு படிப்பாவது ஒன்றாவது. இங்கே 'ரெவிஷ்தா' என்று ஒரு நாடக வகை உண்டு. பாட்டு, ஆட்டம், அந்த வாரத்து அரசியல் நக்கல், தெருச்சண்டை எல்லாம் துண்டு துண்டாக வரும். அதில் அவர் நடித்தார், எழுதவும் செய்தார். பிழைப்பு முழுக்க மேடையில்தான். சினிமா அவ்வப்போது வந்து போனது.

சரி, அந்த 1933ஆம் வருடப் படத்துக்கு வருகிறேன். பெயர் 'ஆ கன்சாவ் த லிஷ்போவா', அதாவது லிஸ்பன் பாட்டு. போர்ச்சுகலின் முதல் பேசும்படம் 1931இல் வந்த 'ஆ செவேரா'தான். ஆனால் அதற்கு ஒலி சேர்க்கப் பிரான்சுக்குப் போக வேண்டியிருந்தது. முழுக்க முழுக்க போர்ச்சுகலுக்குள்ளேயே எடுத்த முதல் பேசும்படம் லிஸ்பன் பாட்டு. லுமியார் பகுதியில் புதிதாக வந்த தோபிஷ் நிறுவனம் தயாரித்தது. இயக்கிய கொத்தினெல்லி தெல்மு தொழில்முறை இயக்குநரே இல்லை, கட்டடக் கலைஞர். பிறகு 1940இல் பெலெங்கில் நடந்த மாபெரும் அரசு கண்காட்சிக்குத் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். ஆற்றங்கரையில் கப்பல் முகப்பு மாதிரி நிற்கும் நினைவுச் சின்னத்தை லிஸ்பன் போனவர்கள் எல்லோரும் படம் பிடித்து அனுப்புவார்களே, அதன் முதல் வடிவமும் அவர் கைவண்ணம்தான். படத்தின் சுவரொட்டிகளை வரைந்தவர் அல்மாதா நெக்ரெய்ருஷ், இந்த நாட்டின் பெரிய ஓவியர்களில் ஒருவர். கட்டடக் கலைஞர் இயக்கி, ஓவியர் சுவரொட்டி வரைந்து, நாடகக் கொட்டகை ஆட்கள் நடித்த படம் என்றால் கூட்டாஞ்சோறு மாதிரி இருக்கும் என்று நினைப்போம். அப்படித்தான் இருக்கிறது, ருசியாகவும் இருக்கிறது.

கதை எளிது. வாஸ்கோ என்றே பெயர் கொண்ட மருத்துவ மாணவன், ஊரில் இருக்கும் இரண்டு அத்தைகள் அனுப்பும் பணத்தில் லிஸ்பனில் உல்லாசமாக இருக்கிறான். தேர்வில் தோற்றுவிட்டு டாக்டர் ஆகிவிட்டதாகக் கடிதம் போடுகிறான். அத்தைகள் டாக்டரைப் பார்க்க ரயிலேறி வந்துவிடுகிறார்கள். பொய் வெளிப்பட்டு, வாடகை பாக்கியில் தட்டுமுட்டுச் சாமான் ஏலம் போய், நடுத்தெருவுக்கு வருகிறான். குடித்துவிட்டு ஒரு மதுக்கடையில் ஃபாடு பாட்டைத் திட்டித் தீர்க்கிறான். ஃபாடு என்பது லிஸ்பனின் சோகப்பாட்டு. அதைத் திட்டியவனே அப்புறம் ஃபாடு பாடிப் பேர் வாங்குகிறான். கடைசியில் படித்துத் தேர்வும் எழுதி, கழுத்துத் தசை ஒன்றின் வாயில் நுழையாத பெயரைத் தங்குதடையில்லாமல் சொல்லித் தேறுகிறான். இந்த 'மாணவன்' நடித்தவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து! தொப்பையும் மறைக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. பார்ப்பவர் யாருக்கும் அது உறுத்துவதில்லை.

விலங்குக் காட்சிசாலைக் காட்சி ஒன்று வரும். அதில் ஒருவனைப் பார்த்து "தொப்பி எத்தனையோ இருக்கு, முட்டாளே!" என்று ஒரு வரி சொல்வார். காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லாத வரி. தொண்ணூறு வருடம் கழித்து என் பேரன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பேச்சு புரியாத எனக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் உத்தியோகமே குரல் கேட்பதுதான். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே சாவுச் செய்தி சொல்லப் போகிறவரா, கல்யாணச் செய்தி சொல்லப் போகிறவரா என்று எங்கள் பிரிவுப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவோம். வாஸ்கோ சந்தானா ஒரு வாக்கியத்தை சோம்பலாக ஆரம்பிப்பார். நடுவில் திடீரென்று ஓட்டம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார். அந்த நொடியில் பாட்டி சிரித்துவிடுவார், சொல் வருவதற்கு முன்பே. மைக் புதிதாக வந்த காலத்தில் மேடை நடிகர்கள் பலர் கத்திக் கெடுத்தார்கள். இவர் அதன் காதருகே போய்ப் பேசுகிற மாதிரி பேசினார். பின்னாளில் வானொலியிலும் அவர் கொடி கட்டிப் பறந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கூட நடித்தவர்களையும் சொல்ல வேண்டும். தையற்காரப் பெண்ணாக வரும் பியாத்ரிஸ் கோஷ்தா, நெற்றியில் வெட்டிவிட்ட முடியோடு, ஊசியையும் விரலுறையையும் பற்றிப் பாடுகிற பாட்டு ஒன்று போதும். கடைசிக் காலத்தில் தீவோலி ஹோட்டலையே வீடாக்கிக்கொண்டு 1996 வரை வாழ்ந்தவர். அவளுடைய அப்பாவாக வரும் அன்டோனியு சில்வா, கோபம் வந்தால் புருவம் மட்டும் தனியாக நடிக்கும். அந்த மனிதர் நிஜ வாழ்க்கையில் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தவர். இவர்களுக்கெல்லாம் தனித்தனிக் கட்டுரை வேண்டும், இப்போதைக்கு வாஸ்கோவோடு நிறுத்துகிறேன்.

1941இல் 'ஓ பாய் திரானு', கொடுங்கோல் அப்பா. என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய படங்களில் சிறந்தது. கிராந்தெல்லா என்ற பெரிய பல்பொருள் கடையின் ஊழியர்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். செருப்புப் பிரிவுப் பையன் ஒருவன், வாசனைப் பொருள் கடையில் வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறான். அவளுக்கு சினிமா என்றால் உயிர், நாடகம் என்றால் இளக்காரம். அவர்கள் ஒத்திகை பார்ப்பதை ஒருநாள் அவள் ஒளிந்து கேட்டுவிட்டு, வசனத்தை நிஜம் என்று நம்பி, இவன் பிரபு வீட்டுப் பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறாள். பையன் உண்மையைச் சொல்வானா? குழு முழுவதும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற நாடகத்தை வாழ்க்கைக்குள் கொண்டுவந்து நடிக்க வேண்டியதாகிறது. குழுத் தலைவராக, கொடுங்கோல் அப்பா வேடக்காரராக வாஸ்கோ. பாத்திரத்தின் பெயர் சந்தானா. லிஸ்பன் பாட்டில் முதற்பெயரைக் கொடுத்தவர், இதில் குடும்பப் பெயரையும் கொடுத்துவிட்டார். மோசமான நடிகராக நடிப்பது நல்ல நடிகருக்குத்தான் முடியும் என்பதை இந்தப் படத்தில் பார்க்கலாம். கையை நெஞ்சில் வைத்துச் சபிக்கும் இடத்தில் அவர் ஒரு கண்ணால் திரைக்குப் பின்னால் யார் சொதப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். படத்தில் வரும் கிராந்தெல்லா கடை, லிஸ்பனின் ஷியாது பகுதியில் 1988 ஆகஸ்ட் 25 அன்று நடந்த பெரும் தீ விபத்தில் எரிந்தது. பழைய லிஸ்பன்காரர்களுக்கு அந்தக் கடையின் உள்ளே நடந்து பார்க்க இந்தப் படம் ஒரு வழி.

அடுத்து 1942இல் 'ஓ பாத்தியு தாஷ் கன்டீகாஷ்'. ஒரு முற்றத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் சண்டையும் காதலும், ஜூன் மாதப் புனித அந்தோணியார் திருவிழாச் சமயத்தில். முந்தைய படத்தில் செருப்புப் பிரிவுப் பையனாக வந்த ரிபெய்ரின்யுதான் இதை இயக்கினார். வாஸ்கோ இதில் குடிகார நர்சீசு. இரவில் தெருவிளக்குக் கம்பத்தை ஒரு ஆள் என்று நினைத்துப் பேசுவார். குடிகாரன் வேடம் என்றாலே தள்ளாடுவதும் விக்குவதும்தான் என்று நினைக்கும் நடிகர்களுக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் தள்ளாடுவதே குறைவு. கம்பத்திடம் மரியாதையாக, பொறுமையாக, பதிலுக்கு நேரம் கொடுத்துப் பேசுகிறார். 2015இல் இந்தப் படத்தைத் திரும்ப எடுத்தார்கள், திரையரங்குகளில் கூட்டம் அள்ளியது. பாட்டி புதியதைப் பார்க்க மறுத்துவிட்டார்.

இனி உங்கள் கட்டுரையாளர் சொல்லக்கூடிய ஒரு மறுப்பு. இவை சலாசாரின் சர்வாதிகாரக் காலப் படங்கள். ஏழையாக இரு, சந்தோஷமாக இரு, கேள்வி கேட்காதே என்று ஜனங்களைத் தாலாட்டியவை. இவற்றுக்கு எதற்கு இரண்டு பக்கம்? இதில் உண்மை இருக்கிறது. படங்களில் வாடகை கொடுக்க முடியாதவன் வருகிறான், வாடகை ஏன் கொடுக்க முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஜெயிலும் ரகசியப் போலீசும் அந்த முற்றத்துக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. கொடுங்கோல் அப்பாவை இயக்கிய அன்டோனியு லோப்பஷ் ரிபெய்ரு, ரிபெய்ரின்யுவின் அண்ணன், நான்கு வருடம் முன்பு ஆட்சிக்காக ஒரு பிரச்சாரப் படமே எடுத்தவர். மேடை நாடகங்களுக்கோ தணிக்கைக்காரர்களின் நீலப் பென்சில் எப்போதும் காத்திருந்தது.

ஆனால் ஆட்சியின் பிரச்சாரத் துறைத் தலைவர் அன்டோனியு ஃபெர்ரு இந்த நகைச்சுவைப் படங்களை வெறுத்தார், தேசிய சினிமாவைப் பிடித்த புற்றுநோய் என்கிற அளவுக்கு. அவருக்கு வேண்டியது சரித்திர வீரர்கள், கவிஞர்கள், கம்பீரம். கிடைத்ததோ தேர்வில் தோற்ற குண்டு மாணவனும், தெருவிளக்கோடு பேசும் குடிகாரனும். அந்த எரிச்சலை நினைத்தால் எனக்கு வாஸ்கோ மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் கூடுகிறது. அவர் புரட்சிக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. அரசாங்கம் விரும்பிய மாதிரி நிமிர்ந்து நிற்க அவர் உடம்புக்கே தெரியாது.

அவர் 1958 ஜூன் 13 அன்று, அறுபது வயதில், இறந்தார். அது புனித அந்தோணியார் திருநாள். லிஸ்பன் முழுக்கத் தெருவில் மத்தி மீன் சுட்டு, காகிதத் தோரணம் கட்டிப் பாடும் நாள். அன்று தானும் அப்பாவோடு தெருவில்தான் இருந்ததாகவும், செய்தி வந்ததும் பக்கத்துத் தெருவில் பாட்டை நிறுத்தினார்கள், தங்கள் தெருவில் நிறுத்தவில்லை என்றும் பாட்டி சொன்னார். எது சரி என்று இன்றுவரை அவருக்குத் தீர்மானம் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, உலக சினிமா பக்கத்தில் இயக்குநர்களுக்கே எல்லா இடத்தையும் கொடுத்துவிடாமல் இப்படிப்பட்ட நடிகர்களுக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். வாஸ்கோ சந்தானாவில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. இரண்டு, அந்தப் படக்குறிப்புக்கு அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். போடும்போது தயவுசெய்து யாராவது ஒருவர் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கட்டும். சந்தானா என்று எழுதியதை உங்கள் அலுவலகத்தில் எவராவது எழுத்துப் பிழை என்று நினைத்து சந்தானம் என்று திருத்திவிட்டால், அப்புறம் அதற்கு வேறு நான் ஒரு கடிதம் எழுத வேண்டிவரும்.

இப்படிக்கு,
மதுரை வாசகி ஒருத்தி,
தற்சமயம் பென்ஃபிகா, லிஸ்பன்.