மறைந்த இயக்குநரின் ஸ்கிரிப்டை வரையப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெயிலும் நீ அனுப்பிய ஸ்கேன் பக்கங்களும் வந்தன. மறைந்த இயக்குநர் ஒருவர் எடுக்காமல் விட்ட ஸ்கிரிப்டைக் கைவரைபட அனிமேஷனாக எடுக்க என்ன செய்ய வேண்டும், அதில் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். அந்த இயக்குநரின் பெயரும் கதையும் இதில் வராது. அவருடைய மகள் நோட்டுப்புத்தகத்தின் ஜெராக்ஸைக் கொடுத்து, "நீங்களே பண்ணுங்க தம்பி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் சட்டப்படி இன்றைக்கு உன்னிடம் இருப்பது ஜெராக்ஸ் மட்டும்தான்.

அதனால் பென்சிலை எடுக்கும் முன் காகித வேலையை முடி. ஓர் எழுத்து வெளிவராமலேயே எழுதியவர் இறந்துபோனால், 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, அது முதன்முதலில் வெளியாகும் வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்துதான் 60 ஆண்டுக் கணக்கு தொடங்கும். "அவர் போய் இத்தனை வருஷமாச்சே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. உயில் இருக்கிறதா என்று கேள். கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்கு எழுதிவைத்திருந்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை காப்புரிமையும் அவருக்கே போகும் என்கிறது 20ஆம் பிரிவு. உயில் இல்லையென்றால், இந்து குடும்பத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் இயக்குநரின் தாயார் எல்லோருக்கும் பங்கு உண்டு. மகளின் கையெழுத்து மட்டும் போதாது. வெளிநாட்டில் இருக்கும் அவருடைய அண்ணனும் போட வேண்டும்.

அடுத்து, அந்தக் காலத்தில் யாராவது தயாரிப்பாளர் அட்வான்ஸ் கொடுத்து உரிமையை எழுதி வாங்கியிருக்கிறாரா என்று பார். எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்று 19ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. பலர் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த விதி 1994 திருத்தத்தில் வந்தது, அமலானது 1995 மே மாதம். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது. உன் இயக்குநர் எழுதியது எண்பதுகளில். ஆகவே பழைய கம்பெனி மூடிப்போயிருந்தாலும் அதன் வாரிசுகளிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிவிடு.

அதே பிரிவு உன்னையும் கடிக்கும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கைவரைபட அனிமேஷன் ஐந்து வருடத்தில் முடியும் என்று நம்பி இருக்க முடியாது. காலம், உலகம் முழுவதும், அனிமேஷன் என்ற சொல், ஒரு வருடக் காலாவதி பொருந்தாது என்ற வரி, எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக்கொள். திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் ஸ்கிரிப்டைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொன்னால், அது தேதிக்குச் சாட்சி. உரிமைப் பத்திரம் ஆகாது.

வசனம் வேறொருவர் எழுதியிருந்தால் அவரும் பங்காளி. சத்யஜித் ரே 1967இல் எழுதிய 'தி ஏலியன்' ஸ்கிரிப்டுக்கு நடந்தது தெரியும்தானே? எழுதியவர் ரே. ஹாலிவுட்டில் சுற்றிவந்த பிரதிகளிலோ காப்புரிமை இலங்கையில் வாழ்ந்த, அந்தப் படத்துக்கு இடைத்தரகராக இருந்த மைக் வில்சன் பெயரிலும் சேர்த்து இருந்தது. ரே உயிரோடிருந்து எதிர்த்தபோதே அந்தப் படம் எழவில்லை. இறந்தவருக்காக யார் எதிர்ப்பார்கள்?

இனி வேலைக்கு வருவோம். உனக்கு முன்னால் இதே பாதையில் முழுதாக நடந்து காட்டிய படம் பிரெஞ்சு அனிமேஷன் இயக்குநர் சில்வேன் ஷோமே எடுத்த 'தி இல்யூஷனிஸ்ட்'. பிரெஞ்சு நகைச்சுவைக் கலைஞரும் இயக்குநருமான ழாக் தாத்தி 1950களின் பிற்பாதியில் எழுதிவிட்டு எடுக்காமல் விட்ட ஸ்கிரிப்ட் அது. பிரெஞ்சுத் திரைப்பட மையத்தின் ஆவணக்காப்பகத்தில் 'தாத்தி படம் எண் 4' என்ற பெயரில் கிடந்தது. ஷோமே தன் முந்தைய படத்தில் தாத்தியின் பழைய படத்துண்டு ஒன்றைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, மகள் சோஃபி தாத்திஷெஃப் இந்த ஸ்கிரிப்டைப் பற்றிச் சொன்னார். அப்பாவுக்கென்று எழுதிய வேடத்தில் இன்னொரு நடிகர் நடிப்பதை அவர் விரும்பவில்லை. வரைந்த உருவம் என்றால் அந்தச் சங்கடம் இல்லை. 2001இல் சோஃபி இறந்துபோனார். படம் 2010 பெர்லின் விழாவில்தான் திரைக்கு வந்தது. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு உன் ஒப்பந்தக் காலத்தை முடிவு செய்.

குடும்ப விஷயத்திலும் அந்தப் படத்தில் ஒரு பாடம் இருக்கிறது. வித்தைக்காரருக்கும் அவரை அப்பா போல நினைக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் இடையிலான கதை அது. யாரை நினைத்து தாத்தி எழுதினார் என்பதில் சச்சரவு வந்தது. தாத்தி வெளியே ஒப்புக்கொள்ளாத மூத்த மகளை நினைத்து எழுதியதுதான் அது, படம் அதை மறைத்துவிட்டது என்று அந்த மகளின் பிள்ளை விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஈபர்ட் அதை வெளியிட்டார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பெயரை எழுதி அடித்திருக்கிறதே, அதை மகளிடம் இப்போதே கேட்டுவிடு. போஸ்டர் ஒட்டிய பிறகு கேட்காதே.

உன் கையில் இருப்பது எந்த நிலைப் பிரதி என்பதையும் முடிவு செய். நம் ஊரில் பலர் ஒன்லைனும் (கதைச் சுருக்கம்) சீன் ஆர்டரும் (காட்சிகளின் வரிசை) மட்டும் எழுதிவிட்டு மீதியை ஸ்பாட்டில் பார்த்துக்கொண்டவர்கள். ஸ்கேனைப் பார்த்தால் உன்னுடையது சீன் ஆர்டருக்கும் ட்ரீட்மெண்டுக்கும் (காட்சி காட்சியாக விரித்து எழுதிய கதை) நடுவில் நிற்கிறது. சில சீன்களில் வசனம் முழுசாக இருக்கிறது, சிலவற்றில் ஒரே வரி. முதலில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் டைப் செய்ய வை. அடித்தது, ஓரத்தில் எழுதியது, மை மாறிய இடம், வேறு கையெழுத்து, எல்லாவற்றையும் பக்க எண்ணோடு குறித்துக்கொள். இதில் எழுத்துப்பிழைகூடத் திருத்தக்கூடாது. திருத்தமெல்லாம் இரண்டாவது பிரதியில்.

இப்போது முக்கியமான விஷயம். லைவ் ஆக்‌ஷன் (நடிகர்களை வைத்துப் படம்பிடிப்பது) இயக்குநர் தனக்காக எழுதிக்கொள்கிற ஸ்கிரிப்டில், அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது எதுவும் இருக்காது. கேமரா எங்கே, நடிகர் எப்படித் திரும்புவார், எவ்வளவு நேரம் சும்மா நிற்பார், இதெல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. நீ வரையப்போவது அந்த எழுதாத பாதியைத்தான்.

உதாரணத்துக்கு நானே ஒரு சீன் கட்டுகிறேன்: 'டீக்கடை. மழை. பெரியவர் உள்ளே வருகிறார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.' நடிகர்களை வைத்து எடுத்தால் அரை நாள் வேலை. வரையும்போது? பெரியவரை க்ளோசப்பில் காட்டினால் பார்க்கிறவர்கள் அவரைப் பார்த்துவிடுவார்கள், சீனின் உயிர் போய்விடும். ஆகவே வைட், அதாவது எல்லோரும் முழுதாகத் தெரிகிற தூரத்து ஷாட். கடையில் எட்டுப் பேர், சீன் 20 வினாடி என்று வை. வினாடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். 20 பெருக்கல் 12 பெருக்கல் 8, மொத்தம் 1,920 படங்கள். மழையும் ஆவியும் தனி. இங்கேதான் இயக்குநர் மூளை வேண்டும். மூன்று பேரை முதுகு காட்டி உட்கார வை, இரண்டு பேரைத் தினத்தாளுக்குப் பின்னால் வை. முழுதாக அசைகிறவர்கள் பெரியவர், டீ மாஸ்டர், இன்னும் ஒருவர் என்று மூன்று பேர்தான் என்றால் 720இல் முடிந்துவிடும். அவர்களில் யாருக்கும் கட்டம் போட்ட லுங்கி கொடுக்காதே. கையால் வரைந்தால் கட்டம் ஒவ்வொரு படத்திலும் நடுங்கும். கம்ப்யூட்டரில் துணி மேல் ஒட்டவைத்தால் லுங்கி நகரும், கட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும். கரை மட்டும் போட்ட வேட்டி போதும்.

ஷோமேவும் இந்தத் தூரத்து வைட்டைத்தான் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் தாத்தியின் கண் அப்படிப்பட்டது. தாத்தி ஆட்களைத் தலை முதல் கால் வரை காட்டுவார், கேமராவை அதிகம் அசைக்க மாட்டார், சிரிப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டவும் மாட்டார். லைவ் ஆக்‌ஷனில் மலிவான இந்தப் பாணி அனிமேஷனில் ரொம்ப விலை கூடியது. க்ளோசப்பில் வாயும் கண்ணும் மட்டும் அசைத்து மிச்சம் பிடிக்கலாம். முழு உருவத்தில் அந்த வழி கிடையாது. உருவம் சிறிதாக இருக்கும்போது கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் முகமே மாறிவிடும், ஓட்டிப்பார்த்தால் முகம் கொதிப்பதுபோலத் தெரியும். இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குவது ஒரு வழி. அப்போது கோட்டைத் தடிமனாகப் போட வேண்டும், இல்லையென்றால் சுருக்கியதும் மறைந்துவிடும். கண் இரண்டு புள்ளியாகிவிடும் தூரத்தில் நடிப்பு தோளுக்கும் முதுகுக்கும் நடைக்கும் போகிறது. கேரக்டர் டிசைனை முழுக் கறுப்பு நிழலாக நிரப்பிப் பார். அப்போதும் ஆள் யாரென்று தெரியவில்லையென்றால் டிசைனை மாற்று.

நடையைத் தனியாகப் படி. சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம், அவசரக்காரருக்கு 8, தளர்ந்தவருக்கு 16 அல்லது அதற்கும் மேல். தாத்தியின் நடையில் உடம்பு கணுக்காலிலிருந்தே முன்னால் சாயும். ஷோமேவின் குழு அதைப் பிடித்துவிட்டது. படத்தில் தாத்தியின் சாயலில் வரைந்த வித்தைக்காரர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு சினிமா தியேட்டருக்குள் தவறி நுழைகிறார். திரையில் நிஜ தாத்தி, 1958இல் வந்த 'மோன் ஓன்க்ல்' படத்தில் நடந்துகொண்டிருக்கிறார். பலருக்குப் பிடித்த இடம் இது. எனக்கு இது வீம்பு போலவே படுகிறது, ஆனால் நிஜத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியும் கோடு தோற்கவில்லை என்பதை மறுக்க முடியாது. நீ அந்த ஆசையில் விழாதே. பழைய படத்துண்டுக்குத் தனி உரிமை, தனிப் பணம்.

உன் இயக்குநருக்குப் பிடித்தது எதிர்த்திசை: நீண்ட மௌன க்ளோசப். நடிகையின் முகம் பத்து வினாடி அசையாமல் இருந்தாலும் தோலுக்கு அடியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். வரைந்த முகம் ஒரு வினாடிக்கு மேல் அப்படியே நின்றால் செத்துவிடும். ஒரே படத்தை மூன்று தடவை தடம்பிடித்து வரைந்து சுழலவிட்டால் கோட்டுக்கு லேசான உயிர் வரும். மூச்சு, ஓர் இமைப்பு, மெல்ல நகரும் வெளிச்சம் என்று சேர்த்தால் நாலைந்து வினாடி தாங்கும். பத்து தாங்காது. முகத்தை நாலு வினாடியில் விட்டுவிட்டு அவள் பார்க்கிற ஜன்னலுக்கோ கைக்கோ போ. இது அவருக்குச் செய்யும் துரோகம் இல்லை. அவர் முடித்த படங்களை ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து பார், ஒவ்வொரு ஷாட்டின் நீளத்தையும், கேமரா உயரத்தையும், இசை நுழையும் இடத்தையும், சீன் முடிகிற இடத்தையும் எழுது. அவரும் பல நேரம் முகத்தை விட்டுப் பொருளுக்குப் போயிருப்பார்.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை மறந்துவிடு. வசனம் குறைந்த ஸ்கிரிப்டில் ஒரு வரி மூன்று நிமிடம் ஆகும். ஒவ்வொரு சீனையும் நடித்து, மொபைலில் எடுத்து, நேரம் குறி. அதன்மேல் ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டாக வரைந்த படங்கள்), பிறகு அந்தப் படங்களை நேரப்படி ஓட்டி, தற்காலிகக் குரலும் சத்தமும் சேர்த்த அனிமேட்டிக். முழுப் படத்தின் அனிமேட்டிக்கும் உட்கார்ந்து பார்க்கும்படி ஆகும்வரை ஒரு ஷாட்கூட அனிமேஷனுக்குப் போகக்கூடாது. 80 நிமிடப் படம் 4,800 வினாடி. நல்ல நடிப்போடு வரைகிற அனிமேட்டர் வாரத்துக்குச் சுமார் மூன்று வினாடி தருவார். அது 1,600 வாரம், பதினாறு பேர் என்றால் 100 வாரம். க்ளீன்அப் (கோட்டைச் சுத்தமாகத் திரும்ப வரைவது), இடைப்படங்கள், வண்ணம் இதில் சேரவில்லை. அனிமேஷனுக்குப் போன பிறகு வெட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் ஒரு ஆளின் இருபது வார உழைப்பு.

நம் ஆட்கள் டப்பிங்கைக் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். இங்கே குரல் முதலில். வாய் அசைவு சத்தத்துக்கு இரண்டு ஃப்ரேம் முன்னால் தொடங்கினால்தான் கண்ணுக்குப் பொருந்தும். ப, ம வரும் இடத்தில் உதடு மூடியே ஆக வேண்டும். மற்றதில் கொஞ்சம் ஏமாற்றலாம்.

எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். தாத்தியின் ஸ்கிரிப்டில் கதை பிராக் நகருக்குப் போகிறது. ஷோமே அதை எடின்பரோவாக்கினார், ஏனென்றால் அவர் அங்கே குடியிருந்தார், ஸ்டுடியோவும் அங்கே. வெளிச்சம் எப்படி மாறும், படிக்கட்டு எங்கே திரும்பும் என்று லேஅவுட் ஆட்கள் (ஷாட்டின் இடத்தையும் பின்னணியையும் அமைத்து வரைபவர்கள்) நடந்து பார்த்து வரைய முடிந்தது. உன் கதையின் ஊர் அணைக்குள் போய்விட்டது என்கிறாய். அப்படியானால் போய் உட்கார்ந்து வரையக்கூடிய இன்னொரு ஊரை எடு, போட்டோவை மட்டும் நம்பாதே. ஊர் மாறலாம், வருடம் நகரலாம். யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் மாறக்கூடாது.

மாற்றங்களைக் குடும்பத்துக்கு அனிமேட்டிக் நிலையிலேயே காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கு. எழுதியவரின் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால், உரிமையை விற்ற பிறகும் சட்டப் பிரதிநிதிகள் வழக்குப் போடலாம், பிரிவு 57. டைட்டில் வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்: மூல ஸ்கிரிப்ட் அவர் பெயரில், தழுவல் உன் பெயரில், இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

முழு நோட்டும் டைப் ஆனதும் அனுப்பு. அதோடு அவருடைய பழைய அசோசியேட் இயக்குநர்கள் யாராவது இருந்தால் போய்ப் பார். ஷாட் டிவிஷன் (சீனை ஷாட்டுகளாகப் பிரித்த குறிப்பு) எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இயக்குநர் வீட்டில் இருக்காது, அவர்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கும்.

அன்புடன்,
அண்ணன்