தூர இலக்குத் துவக்குக்கு எந்தக் கலிபர்? உங்கள் பதிலைத் திருத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பக்கத்தில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: கனத்த குழல் பூட்டிய இலக்குத் துவக்கு (துப்பாக்கி) ஒன்று வாங்கப் போகிறேன், 1000 யார் (ஏறக்குறைய 914 மீற்றர்) வரை போட்டியில் சுட ஆசை, எந்தக் கலிபர், அதாவது எந்தத் துளை அளவும் ரவை வகையும், எடுக்கலாம்? தூரம் போக வேண்டுமென்றால் பலமானதாக எடுங்கள் என்று சொல்லி, .338 லப்புவா மக்னம் என்ற மிகப் பலமான ரவைக்குரிய துவக்கை உங்கள் பத்தியாளர் சிபாரிசு செய்திருந்தார். அந்தப் பதில் பிழை. தம்பி இன்னும் காசு கட்டியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் அவசரமாக எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். கனடாவில் ஸ்கோப்பும் தாங்கியும் பூட்டிய கனத்த துவக்கோடு படுத்துக் கிடந்து தூர இலக்குக்குச் சுடும் போட்டி என்றால் அது பெரும்பாலும் எஃப் கிளாஸ்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஃபார்குவர்சன் தொடக்கி வைத்த பிரிவு அது. அந்த 'எஃப்' அவருடைய பெயரிலிருந்து வந்தது. கண் மங்கி, கை தளர்ந்த பழைய சூட்டாளர்கள் விளையாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று தொடங்கியது, இன்று உலகப் போட்டி வரைக்கும் வளர்ந்து நிற்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. எஃப்-டிஆர் என்பதில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரண்டுக்கு மட்டும்தான் இடம். ஸ்கோப், தாங்கி எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. எஃப்-ஓப்பனில் 10 கிலோ வரை போகலாம், கலிபர் 8 மில்லிமீற்றருக்குள் எதுவாகவும் இருக்கலாம். .338 என்பது 8.6 மில்லிமீற்றர். அதாவது உங்கள் பத்தியாளர் சொன்ன துவக்கோடு போனால் இரண்டு வகையிலும் பெயர் பதிய முடியாது. விதி ஒருபுறம் இருக்க, சின்ன மைதானங்கள் பல அந்த அளவு ரவையை (தோட்டாவை) உள்ளே விடுவதும் இல்லை.

"சரி, விதிக்குள் நிற்கிற பெரிய மக்னம் ஒன்றை எடுத்தால் என்ன?" என்று தம்பி கேட்கலாம். இந்த இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் பிழை விடுகிறார்கள். தூரத்தை வெல்லுவது பலம் என்று நினைக்கிறார்கள். 1000 யாரில் இலக்கைத் தீர்மானிப்பது காற்று.

கணக்காகச் சொல்கிறேன். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, .308 இலிருந்து புறப்பட்ட 175 கிறெயின் (கிறெயின் என்பது சிறிய எடை அளவு) சன்னத்தை, அதாவது ரவையிலிருந்து பறந்து போகும் குண்டை, 1000 யாரில் ஏறக்குறைய இரண்டரை மீற்றர் தள்ளிவிடும். 6.5 கிரீட்மூரின் 140 கிறெயின் சன்னம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளுப்படும். ஓப்பன் பிரிவில் நன்றாகச் சுடுகிறவர்கள் விரும்பும் .284 வின்செஸ்டர், 180 கிறெயின் 7 மில்லிமீற்றர் சன்னத்தோடு ஒன்றரை மீற்றர் அளவுக்கு வரும். எனவே வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலக்கின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1000 யார் எஃப் கிளாஸ் இலக்கில் முழுப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் நடு வட்டம் 5 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 12.7 சென்ரிமீற்றர்தான். காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் பிழையாகக் கணித்தால் .308 காரருக்கு 25 சென்ரிமீற்றர் போய்விடும். 7 மில்லிமீற்றர் காரருக்கு 15 போய்விடும். இருவரும் வட்டத்துக்கு வெளியேதான். விலை கூடிய ரவை அந்த ஒரு மைல் பிழையை மன்னிக்காது. எஃப்-டிஆரில் பக்கத்துப் பாயில் கிடப்பவரும் அதே .308 ஐத்தான் வைத்திருப்பார். அவரை முந்த வேண்டுமென்றால் காற்றுக் கொடியை அவரை விட நன்றாகப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஒட்டாவா நதிக்கரையில் உள்ள கொனோட் மைதானத்தில் 300 மீற்றரிலிருந்து 900 மீற்றர் வரை சுடலாம். அங்கே ஒரு தரம் போய்ப் படுத்தவருக்கு நான் சொல்வது விளங்கும். சூட்டுக் கோட்டுக்குப் பக்கத்துக் கொடி இடப்பக்கம் பறக்கும், நடுவில் உள்ளது தொங்கிப்போய் நிற்கும், இலக்குக்கு அருகில் உள்ளது வலப்பக்கம் திரும்பியிருக்கும். வெயில் நாளில் தொலைநோக்கிக்குள் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது நின்று நேராகக் கொதிக்கிறது என்று பார்த்துத்தான் காற்று மாறப்போவதை அறிய வேண்டும். இதை ஆயிரக்கணக்கான ரவை சுட்டுத்தான் பழகலாம். அந்த ஆயிரங்களைத் தாங்கக் கூடிய குழல் எது என்பதே கலிபர் தெரிவில் என் முதல் கேள்வி.

நான் இளைப்பாறும் வரை ஒரு வேலைத்தலத்தில் லேத் ஓட்டியவன். குழல் கடைந்து பூட்டவும் தெரியும். ஆகவே குழல் எப்படித் தேய்கிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். சன்னத்தைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களை உட்சுரி என்றும், சன்னம் அதற்குள் நுழைகிற இடத்தைத் தொண்டை என்கிறோம். ஒவ்வொரு சூட்டிலும் எரியும் வெடிமருந்தின் வெப்பமும் அழுத்தமும் முதலில் அந்த இடத்தில்தான் விழுகின்றன. துளை சின்னதாகவும் மருந்து கூடுதலாகவும் இருந்தால் தொண்டை வேகமாக வெந்து, நுண்ணிய வெடிப்புகள் விட்டு, முன்னோக்கி அரித்துக்கொண்டு போகும். .308 இல் எரிவது ஏறக்குறைய 45 கிறெயின் மருந்து, அது போகும் வழி 7.62 மில்லிமீற்றர் துளை. 6.5 மில்லிமீற்றர் சன்னத்தைச் சுடும் 6.5-284 என்ற ரவையில் 50 கிறெயின் அளவு மருந்து அதைவிடச் சின்னத் துளையால் போகிறது. அதனால்தான் .308 குழல் ஒன்று நான்காயிரம், ஐயாயிரம் ரவை வரை போட்டித் தரத்தில் உழைக்கும்போது, 6.5-284 ஆயிரம், ஆயிரத்து இருநூறில் களைத்துவிடுகிறது. 6.5 கிரீட்மூர் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நிற்கும். மருந்தின் வகை, சுடுகிற வேகம், குழலைச் சூடேற விடும் பழக்கம் என்பவற்றால் இது கூடிக் குறையும் என்றாலும் வரிசை மாறாது. புதிய குழல் வாங்கி, ரவை இருக்கும் அறையை வெட்டிப் பூட்ட இன்று ஆயிரம் டொலருக்கு மேல் போகும். காற்றைப் படிக்கத் தெரிய முன்னரே குழல் முடிந்துபோனால் அந்தத் தம்பி என்ன செய்வார்?

கனத்த குழல் எதற்கு என்பதையும் பலர் சரியாகச் சொல்வதில்லை. உருளையான கம்பியின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்காகும். விறைப்பான குழல் ஒவ்வொரு சூட்டிலும் ஒரே மாதிரி அதிரும், சூடும் மெதுவாகவே ஏறும். இரண்டு பரீட்சைச் சூடும் பதினைந்து புள்ளிச் சூடும் தொடர்ந்து சுடுகிற விளையாட்டில் அதுதான் முக்கியம். கனம் கூடினால் உதைப்பும் கொஞ்சம் குறையும். ஆனால் எஃப்-டிஆரின் 8.25 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பதால் குழலை விருப்பப்படி தடிப்பாக எடுக்க ஏலாது. ஸ்கோப்பையும் தாங்கியையும் முதலில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழலின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

உதைப்பைப் பற்றி ஒரு சொல். .338 லப்புவாவின் சக்தி .308 இன் சக்தியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதைத் தோளில் தாங்குகிறவர்கள் குழல் வாயில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் ஒன்றைப் பூட்டித்தான் தாங்குகிறார்கள். எஃப் கிளாஸில் அந்தப் பிரேக்குக்கு அனுமதி இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவரின் காதையும் கண்ணையும் அது பதம் பார்க்கும் என்பதால். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், கடைக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பெரிய மக்னம் ஒன்றோடு தொடங்கினான். விசையை அழுத்துகிற அந்தக் கணத்திலேயே தோள் சுருங்கிக் கண் மூடுகிற பழக்கம் வந்துவிட்டது. துவக்கை விற்ற பிறகும் அது அவனை விடவில்லை; .223 இல் உட்கார்த்தி, வெற்று அறையோடு விசை அழுத்தப் பழக்கி, மெல்ல மெல்லத்தான் மீட்டெடுத்தோம். நல்ல கை அவனுக்கு. வீணாகிப் போயிருக்கும்.

ஆகவே என் பதில் இது: .308 வின்செஸ்டர். 28 முதல் 30 அங்குலக் குழல், உட்சுரி 10 அல்லது 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 185 முதல் 200 கிறெயின் வரை சன்னம். பழையவர்கள் பலருக்கு 155 கிறெயின் மேல் இன்னும் விருப்பம், அதுவும் பிழையில்லை, சுரியை மட்டும் அதற்கேற்பத் தளர்வாக எடுக்க வேண்டும். 168 கிறெயின் மட்ச் சன்னம் எல்லாக் கடையிலும் கிடைக்கும், பெயரும் பெரிது. ஆனால் அது 300 மீற்றர் சூட்டுக்கென்று வடிவமைத்தது. 1000 யாரை எட்டும்போது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கித் தடுமாறும், இலக்குத் தாளில் சாய்ந்த ஓட்டைகளைக் காணலாம். 1000 யாருக்கு அதை எடுக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கழகத்தில் 300 மீற்றருக்கு மேல் இடம் இல்லை, கொனோட்டுக்கு நாலரை மணி நேரம் ஓடிப் போவதும் சரிவராது என்றால் .223 போதும். 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் எடுத்தால் 80, 90 கிறெயின் சன்னத்தோடு நீண்ட தூரத்துக்கும் போகலாம், ஆனால் ரவையை வீட்டில் மிகக் கவனமாக நிரப்பத் தெரிய வேண்டும்.

6.5 கிரீட்மூரைப் பற்றி நிச்சயம் யாராவது எழுதுவார்கள். 2007 இல் ஹோர்னடி என்ற ரவை நிறுவனம் வெளியிட்டது, இலக்குச் சூட்டை மனதில் வைத்தே உருவாக்கியது, கடையில் வாங்கும் ரவையே இலக்கில் அருமையாக நெருங்கி விழும். வெவ்வேறு தூரத்தில் இரும்புத் தட்டுகளைச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர் தாராளமாக எடுக்கலாம். எஃப் கிளாஸுக்கு மட்டும் அது இரண்டுங்கெட்டான்: டிஆரில் இடமில்லை, ஓப்பனில் 7 மில்லிமீற்றர் காரர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஓப்பனுக்கே போவதென்று முடிவெடுத்தவர் .284 ஐ எடுக்கட்டும். ஆனால் அதற்கு முன் ஒரு .308 குழலையாவது சுட்டு முடித்திருந்தால் நல்லது.

பெற்றோருக்கும் சில வரிகள். கலிபர் என்றதும் எங்கள் தலைமுறையின் காதில் விழுவது ஊரில் போர்க்காலத்தில் கேட்ட ஐம்பது கலிபர் என்ற கனத்த துவக்கின் சத்தம்தான். பிள்ளை துவக்கு வாங்கப் போகிறேன் என்றால் தாய் தகப்பனின் நெஞ்சு பதறுவது எனக்கு நன்றாக விளங்கும். நானும் அந்த மண்ணிலிருந்து வந்தவன்தான். இங்கே நாங்கள் சுடுவது அந்த ரகம் அல்ல. 10,000 ஜூலுக்கு மேல் சக்தி உள்ள துவக்குகளை, ஐம்பது கலிபரையும் சேர்த்து, 2020 மே மாதம் கனடிய அரசு தடை செய்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் .308 ஏறக்குறைய 3,500 ஜூல். பாதுகாப்பு வகுப்பு முடித்து, பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகுதான் வாங்கலாம். வீட்டில் பூட்டித்தான் வைக்கலாம். மைதானத்தில் கட்டளை வரும் வரை யாரும் பூட்டுக்கம்பியில் கை வைப்பதில்லை. இதைவிட ஒழுங்கான ஒரு விளையாட்டிடத்தை நான் கண்டதில்லை. பயமாக இருந்தால் பிள்ளையோடு கூட வாருங்கள், கோட்டுக்குப் பின்னால் இருந்து பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னர் தம்பி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோடை முடிவதற்குள் ஒரு போட்டிக்குப் போய் இலக்குக் குழிக்குள் ஒரு நாள் வேலை செய்யட்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் பலகையை இறக்கி, ஓட்டையில் அடையாளத் தட்டைக் குத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். தலைக்கு மேலே சன்னங்கள் ஒலியைவிட வேகமாகப் போகும்போது சாட்டை அடித்தது போல் கேட்கும். காற்று மாறும்போது ஒரே சூட்டாளரின் ஓட்டைகள் எப்படி ஒரு பக்கமாக நகர்ந்து போகின்றன என்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். எந்தக் கலிபருக்கு எவ்வளவு நகர்கிறது என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். சூட்டாளர்கள் ஒளித்து வைப்பதில்லை, கேட்டால் மருந்தின் அளவு வரை சொல்வார்கள்.

அனுமதிப்பத்திரம் இன்னும் கைக்கு வராவிட்டாலும், உள்ளவர் ஒருவர் பக்கத்தில் நேரடியாக நின்று பார்த்துக்கொண்டால் சுட்டுப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தத் தம்பிக்கு விருப்பம் என்றால் என் தொலைபேசி எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். என்னுடைய .308 ஐயே எடுத்துச் சுடட்டும். ரவை நான் நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய லேத் தொழிலாளி,
ஸ்காபரோ