அறுபது பிள்ளைகளும் ஒரு வியாழக்கிழமையும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று இரவு போனில் நீ கேட்டாய், "முதல் வாரம் என்னம்மா செய்யணும்?" என்று. ஏதோ பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. குடும்பத்தைப் பிரிந்த 60 பிள்ளைகள் வளரும் இல்லத்துக்கு நீ பொறுப்பாளராகப் போகிறாய். 22 வருஷம் அதே வேலையில் இருந்தவள் நான். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதே. உனக்கு முன்னால் வந்த ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை மாற்றியிருப்பார்கள். ஒருவர் நேர அட்டவணையை மாற்றியிருப்பார், இன்னொருவர் கட்டில்களை இடம் மாற்றியிருப்பார். அப்புறம் அவர்களே போயிருப்பார்கள். பிள்ளைகள் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். நீ அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. பெயர்களைக் கற்றுக்கொள். யார் சுவர் ஓரமாகத்தான் படுப்பேன் என்கிறார்கள், யார் விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்கிறார்கள் என்று பார். பகலில் பள்ளிக்கூடம் இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, பொழுது ஓடிவிடும். இரவில்தான் எல்லாம் திரும்பி வரும். அதனால் முதல் வாரம் முழுக்க இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நீ அங்கே இரு. அலுவலக அறையில் இருந்தால் போதாது, அவர்கள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரு.

யாராவது தலையணைக்கு அடியில் சாப்பாட்டை ஒளித்துவைத்திருப்பார்கள். திருட்டு என்று பேசாதே. பசித்துக் கிடந்த உடம்பு அடுத்த வேளையை நம்புவதற்கு ரொம்ப நாள் ஆகும். எந்த நேரமும் கைக்கு எட்டுகிற இடத்தில், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் உணவு வைத்துவிடு. ஒளித்துவைப்பது தானாகக் குறையும். சிலருக்கு இரண்டு மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு வருஷம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எங்களிடம் வருவதற்கு முன்னால் நான்கு இடங்களில் இருந்தவன். வந்த முதல் மாதத்தில் மூன்று முறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். மூன்று முறையும் உடைந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். மூன்றாவது முறை அவனே கேட்டுவிட்டான்: "என்னை எப்ப அனுப்புவீங்க?" அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்தால், அது என்றைக்கு என்பதையாவது தன் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். "கண்ணாடியை மாற்ற ஆள் வருவார், நீ கூட நின்று உதவி செய்யணும். அப்புறம் சாப்பாடு. நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்றேன். அவ்வளவுதான். நான்காவது கண்ணாடி உடையவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் உடைந்தது. ஐந்தாவதுதான் உடையவில்லை.

எவ்வளவு கோபம் வந்தாலும் "இப்படியே செய்தால் உன்னை அனுப்பிவிடுவேன்" என்று ஒரு பிள்ளையிடமும் சொல்லாதே. உன் ஊழியர்களையும் சொல்லவிடாதே. அதே மாதிரி "நான் எப்போதும் உன்னோடு இருப்பேன்" என்றும் சொல்லாதே. அதை அவர்களிடம் நிறையப் பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருவேன்" என்று சொல். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் நில்.

பிள்ளைகளைவிட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலையில் பெரும்பகுதி. இது எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆயிற்று. ஆரம்பத்தில் நானே எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மாவாக இருக்கப் பார்த்தேன். முடியாது கண்ணு. 60 பேரை ஒருத்தி வளர்க்க முடியாது. 1949-இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் என்பவர் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்தைத் தொடங்கியபோது, பெரிய கூடத்தில் வரிசைக் கட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தார். தனித்தனி வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு தாய், அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பு மாதிரி, எல்லா வீடுகளும் சேர்ந்தது ஒரு கிராமம். அதைப் படித்த பிறகுதான் எங்கள் கூடத்தைத் தடுத்து எட்டெட்டுப் பேர் கொண்ட வீடுகளாக்கினோம். தனி அடுப்பு, தனிச் சாப்பாட்டு மேசை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பராமரிப்பாளர். சுவர் எழுப்பிய செலவைவிட அந்தப் பராமரிப்பாளர்களைத் தக்கவைத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு முறை ஒரு பராமரிப்பாளர் வேறு வேலை கிடைத்து ஒரே நாளில் கிளம்பிவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். அழுகை வேண்டாமே என்று நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் வந்து பார்த்த இரண்டு பெண்கள் அடுத்த மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே நடந்ததையே என் கையால் இன்னொரு தடவை நடத்திவிட்டேன். அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். யார் போவதானாலும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், போகிறவரே சொல்ல வேண்டும், அழுதால் அழட்டும். நீயும் அந்த விதியை வைத்துக்கொள். பராமரிப்பாளர்கள் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் பார். சம்பளம் தேதி தவறாமல் போகட்டும். வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு கொடு, அந்த நாளில் போன் செய்து எதுவும் கேட்காதே. பிள்ளைகள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவர்கள் மனசும் கனத்துப் போகும். அதை இறக்கிவைக்க மாதம் ஒரு முறையாவது வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வரட்டும்.

போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்சாக் என்ற யூத மருத்துவர் யூதப் பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்தைப் பற்றி நீ படித்திருப்பாய். 1912-இல் தொடங்கியது. பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் அங்கே இருந்தது. பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம், கோர்சாக் மேலேயே போட்டார்கள். அதன் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னித்து விடுவதற்கும் வழக்கைத் தள்ளிவிடுவதற்கும்தான். 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு அவரும் நாஜிகளின் த்ரெப்லிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டைப் பல வருஷம் அன்றாடம் நடத்தியவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா. துணி, சாப்பாடு, காய்ச்சல், கணக்கு எல்லாம் அவர் பார்வையில்தான். கடைசி நாளில் அவரும் பிள்ளைகளோடுதான் போனார். நான் மனசு தளர்ந்த நாட்களில் அதிகம் நினைத்துக்கொண்டது அந்த அம்மாவைத்தான்.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் பிடித்த ஒரு ஊழியர் இருந்தார். அவர் அடிக்கிறார் என்று ஒரு பையன் என்னிடம் வந்து சொன்னான். அடிக்கடி பொய் சொல்லும் பையன். நான் நம்பவில்லை. "பார்க்கிறேன்" என்று சொல்லி ஒரு வாரம் பார்க்காமலே விட்டேன். எட்டாவது நாள் அவன் முதுகைப் பார்த்தேன். அந்த ஊழியர் மேல் புகார் கொடுத்து, வேலையைவிட்டு அனுப்பி, எல்லாம் செய்தேன். ஆனால் அந்த ஏழு நாள் என்னுடையது. அவன் வளர்ந்து என்னை மன்னித்துவிட்டான், அதற்காக அது இல்லாமல் போகவில்லை.

அதனால் சொல்கிறேன். பிள்ளை ஒன்று சொன்னால் அன்றைக்கே எழுதிவை, அன்றைக்கே அந்தப் பெரியவரைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளிவை, விசாரணையை வெளியாட்கள் செய்யட்டும். உன்னைத் தாண்டிப் போய்ச் சொல்லவும் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். இல்லத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் மாதந்தோறும் வந்து அவர்களோடு தனியாகப் பேசட்டும். உன் மேல் புகார் வந்தாலும் அவர் கேட்கட்டும். உன்னை நல்லவள் என்று எனக்குத் தெரியும். நல்லவர்கள் நடத்துகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் பல இல்லங்களில் கெட்டது மறைந்திருக்கிறது.

"அநாதை" என்ற சொல்லை இல்லத்தின் பெயர்ப்பலகையிலிருந்து எடுத்துவிடு. அது வலிக்கிறது என்பது ஒரு பக்கம். பெரும்பாலும் அது உண்மையும் இல்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். யூனிசெஃப் கணக்கிலும் பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளை அந்தச் சொல்லுக்குள்தான் வருகிறது. வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் எடுத்துப் பார். பாட்டி, சித்தப்பா, பெரியம்மா என்று யாராவது இருக்கிறார்களா, கொஞ்சம் உதவி கிடைத்தால் அவர்களால் வளர்க்க முடியுமா என்று கேள். உன் இல்லத்தில் எண்ணிக்கை குறைந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதே. நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு அதை விளக்குவது சிரமம், ஆனால் விளக்கித்தான் ஆகவேண்டும்.

கைக்குழந்தைகளைக் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்ளாதே, வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்ப வழி தேடு. ருமேனியாவில் 2000-இல் தொடங்கி, விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். விடுதியிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் அதிகம் தேறினார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் விஷயம் வேறு. ருவாண்டாவில் 2008-இல் தொடங்கிய அகஹோசோ ஷாலோம் இளைஞர் கிராமம் மாதிரி, பள்ளியும் வீடும் சேர்ந்த இடம் அந்த வயதுக்குப் பலன் தரும். அந்தக் கிராமத்தின் பெயரில் முதல் சொல்லுக்குக் கண்ணீர் துடைக்கப்படும் இடம் என்று பொருளாம்.

பார்வையாளர்கள் விஷயத்தில் கடுமையாக இரு. வந்தவர்களுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைக்காதே. இரண்டு வாரம் மட்டும் தங்கி அன்பு காட்டிவிட்டுப் போகிறேன் என்று வருகிறவர்களுக்குத் தோட்டத்திலோ கணக்கிலோ வேலை கொடு.

பதினெட்டு வயது ஆனதும் பெட்டியைக் கொடுத்து அனுப்பும் இடமாக உன் இல்லம் இருக்கக் கூடாது. பதினாறிலிருந்தே தயார் செய்ய ஆரம்பி. வங்கிக் கணக்கு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சமைப்பது, வாடகை வீடு பார்ப்பது. எங்களிடம் பிறந்தநாள் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் சான்றிதழில் ஜனவரி 1 என்று போட்டிருந்தது. நாங்கள் ஒவ்வொருவரையும் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம், இல்லத்தில் அந்த நாளையே கொண்டாடினோம். போன பிறகும் காய்ச்சல் வந்தால், வேலை போனால், கல்யாணம் நிச்சயமானால் போன் செய்ய அவர்களுக்கு ஓர் எண் வேண்டும். வந்தால் படுக்க ஒரு கட்டில் காலியாக இருக்கட்டும்.

கடைசியாக உன்னைப் பற்றி. உனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாயே, அன்றைக்கு நான் வரவில்லை. ஓடிப்போன ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் எல்லோரும் போன பிறகும் நீ நின்றாயாம். வீட்டுக்கு வந்து கேட்டாய்: "நீ அவங்களுக்கு அம்மாவா, எனக்கு அம்மாவா?" அவர்களுக்கு யாருமில்லை, உனக்கு நான் இருக்கிறேனே என்று சொன்னேன். ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்லும் பதிலா அது. அந்தப் பையனைத் தேட வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்த வாசலுக்கு வர என்னைத் தவிர யாரும் இல்லை. இதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் மகனுக்கு இப்போது ஏழு வயது. வாரத்தில் ஒரு சாயங்காலத்தை அவனுக்கென்று எழுதிவை. வியாழக்கிழமை என்று வைத்துக்கொள், அன்றைக்கு இல்லத்தில் வேறு ஒருவர் பொறுப்பு. பிள்ளைகளிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டே போ. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நானும் உனக்குப் போன் செய்யமாட்டேன்.

அன்புடன்,
அம்மா