ஜூலியைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். வளைகாப்பு முடிந்த கையோடு உன்னைப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வருவதென்று இரு வீட்டாரும் பேசி முடித்த பிறகு, நீ தொலைபேசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாய். நம் வீட்டு நாய் ஜூலி படுத்த இடமெல்லாம் சிறுநீர் ஒழுகுகிறதே, பச்சைக் குழந்தையை அந்த வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது, ஊசி போட்டு அதன் கஷ்டத்தை முடித்துவிடலாமா, இல்லையென்றால் ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடலாமா என்று சம்பந்தி அம்மா கேட்டதாகவும், உனக்கும் அதில் பாதி மனம் இருப்பதாகவும் சொன்னாய். போனில் இதைப் பேசினால் நம் இருவரில் ஒருவர் அழுதுவிடுவோம் என்பதால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம்பந்தி அம்மா கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. மருமகளும் பேரப்பிள்ளையும் தங்கப்போகும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது அவர்கள் கடமை. ஆனால் ஜூலிக்கு வந்திருப்பது ஒரு நோய். அதற்குக் காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் இருக்கிறது, பெருமளவு கட்டுப்பட்டும் விட்டது. மிச்சமிருப்பதை உன்மேலும் குழந்தைமேலும் படாமல் பார்த்துக்கொள்ள என்னால் முடியும். படுக்கை நனைகிறது என்பதற்காக ஓர் உயிரை முடித்துவிட நான் சம்மதிக்க மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோதே இது தொடங்கியிருந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்தால் அது படுத்திருந்த பாயில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம் இருக்கும். ஜூலி திரும்பி அதை முகர்ந்து பார்க்கும், பின்னங்காலையும் பாயையும் நக்கும், காதைத் தழைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். தான் அறியாமல் நடந்த ஒன்றுக்காகப் பன்னிரண்டு வயதில் அது அப்படி நிற்பதைப் பார்த்தபோதுதான், இது பழக்கம் மறந்துபோன விஷயமில்லை என்று எனக்குப் பட்டது. விழித்திருக்கும்போது ஜூலி இன்றைக்கும் வாசற்கதவருகே போய் நின்று குரல் கொடுக்கத்தான் செய்கிறது.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் ஊசியையோ மாத்திரையையோ எடுக்கும் முன் நெடுநேரம் கேள்விகளே கேட்டார்: தூங்கும்போது ஒழுகுகிறதா, நடக்கும்போதும் சொட்டுகிறதா? அடிக்கடி உட்கார்ந்து முக்கிச் சிறிது சிறிதாகப் போகிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா? பின்னங்கால்களை இழுத்து நடக்கிறதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது? வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எல்லாமே ஒரே ஈரம்தான். ஆனால் முக்கிப் போனால் சிறுநீர்ப்பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம், காலை இழுத்தால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து வெள்ளமாகப் போனால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் குஷிங் நோய் என்று தேடல் வேறு பக்கம் போகும். தோல் அரிப்புக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகூடத் தாகத்தையும் சிறுநீரையும் கூட்டிவிடும். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்தால், குணமாகக்கூடிய நோயும் குணமாகாமல் போகும்.

தண்ணீரை அளந்து பார்க்கச் சொன்னார். நாய் ஒரு நாளில் தன் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது இயல்பில்லை என்று கணக்கு. ஜூலி 28 கிலோ; அப்படியானால் 2.8 லிட்டரைத் தாண்டக் கூடாது. அப்பா காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து நோட்டில் எழுதினார். ஜூலி குடித்தது ஒன்றரை லிட்டரை ஒட்டியே இருந்தது. பெரிய பயம் ஒன்று அதோடு தீர்ந்தது.

விடியற்காலையின் முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னதுதான் சிரமமான வேலை. சாம்பார்க் கரண்டி ஒன்றை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, ஒரு பழைய துடைப்பக் கம்பில் கட்டி, ஜூலி உட்காரும் நேரத்தில் பின்னாலிருந்து மெதுவாக நீட்டி அப்பா பிடித்தார். அதில் சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்துச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதென்று சொன்னார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அது போதாது. தரையும் ரோமமும் பட்ட சிறுநீரில் வெளிக்கிருமி கலந்துவிடும் என்பதால், ஸ்கேன் வழியாகப் பார்த்துக்கொண்டே அடிவயிற்றில் மெல்லிய ஊசியைச் செலுத்தி நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜூலியோ அப்பா கையை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. கல் இல்லை. கிருமித் தொற்று இருந்தது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை முழுவதும் முடித்தோம்.

தொற்று தீர்ந்த பிறகும் தூக்கத்தில் கசிவது முழுமையாக நிற்கவில்லை. அதற்குக் காரணம் வேறு. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்துபோயிருக்கிறது; குழாயில் வாஷர் தேய்ந்தால் எவ்வளவு திருகி மூடினாலும் சொட்டுமே, அந்த நிலைமை. கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு, அதிலும் உடல் பெருத்த இனங்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால் இது வருகிறது. நூற்றுக்கு 5 முதல் 20 நாய்கள் வரை இப்படி ஆகலாம் என்று சொல்கிறார்கள். சிலவற்றுக்கு அறுவை முடிந்த சில மாதங்களிலேயே வரும், சிலவற்றுக்கு வருடங்கள் கழித்து வரும்.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் அன்றைக்கு ஜூலிக்கு அந்தக் கருத்தடை ஆபரேஷனைச் செய்திருக்கக் கூடாதோ என்று நீ நினைப்பாய். அப்படி நினைக்காதே. கருத்தடை செய்யாத நாய்க்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பின்னால் ஈரம் வடிவதைப் பார்த்துச் சிறுநீர் என்று நினைத்து நாட்களைக் கடத்துவார்கள். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். அடுத்த தெருவில் ஒரு பொமரேனியனை அப்படித்தான் பறிகொடுத்தார்கள். துணியை நனைக்கும் தொல்லையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பார்.

இப்போது ஜூலிக்கு ஈஸ்ட்ரியால் மாத்திரை கொடுக்கிறோம். கருத்தடை செய்த நாய்களின் இந்தக் கசிவுக்கென்றே 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்து அது. முதலில் தினமும் கொடுத்து, ஒழுகல் நின்றபின் எவ்வளவு குறைத்தால் மீண்டும் கசியாமல் இருக்குமோ அந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் மடிக்காம்புகளும் பிறப்புறுப்பும் வீங்கும் என்பதால் அதையும் கவனித்து வருகிறேன். இந்த மருந்து கேட்காத நாய்களுக்குத் தசையை இறுக்கும் வேறு மருந்தும் உண்டு; அது இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது என்பதால் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: ஈஸ்ட்ரியால் ஹார்மோன் மருந்து. நீ இந்த நிலையில் அந்த மாத்திரையைக் கையால் தொடவே கூடாது. ஆசையாக இருந்தாலும் ஜூலிக்கு மருந்து கொடுப்பது என் வேலையாகவே இருக்கட்டும்.

படுக்கைக்கு இப்போது ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் மெத்தென்று மடித்த பழைய போர்வை, எல்லாவற்றுக்கும் மேலே மருந்துக்கடையில் கிடைக்கும், ஈரத்தை உறிஞ்சும் அண்டர்பேட் விரிப்பு. நனைந்தால் அதை மட்டும் உருவி எடுத்துவிடுவேன். நாய்க்கென்று விற்கும் டயப்பரையும் வாங்கிப் பார்த்தோம். வெளியூர்ப் பயணத்துக்கும் விருந்தினர் வரும் நேரத்துக்கும் அது உதவும். நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் கட்டி வைத்தால் உள்ளே வெந்துபோகும்.

ஈரத்தைவிட எனக்குப் பெரிய கவலை தோல்தான். சிறுநீர் பட்டுக்கொண்டே இருந்தால் அடிவயிறும் தொடையின் உட்புறமும் சிவந்து வெந்துவிடும். அந்த இடத்தில் ஈ மொய்த்து முட்டையிட்டால் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் தெருநாய்களுக்கு இப்படி ஆகி நீயே பார்த்திருக்கிறாய். ஆகவே பின்புற ரோமத்தை ஒட்டக் கத்தரித்துவிட்டேன். காலையிலும் மாலையிலும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு கொஞ்சம் வாசலின் தடவுகிறேன். வாசலின் ஈரம் தோலில் ஏறாமல் தடுக்கும். குழந்தைக்கு நீ வாங்கி வைக்கப்போகும் டயப்பர் கிரீமை யாரும் நல்லெண்ணத்தில் ஜூலிக்குத் தடவிவிட வேண்டாம். அதில் இருக்கும் துத்தநாகம், நாய் நக்கி விழுங்கினால் விஷமாகும். அதேபோல நாம் மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், புரூஃபென் எதுவும் அதன் வாயில் படக்கூடாது.

வீட்டில் வாடை அடிக்கிறது என்று நீ சொன்னது உண்மைதான். ஈரத்தை உடனே துடைத்தெடுத்து, வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்தபின் சமையல் சோடா தூவிக் கூட்டி எடுத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. டைல்ஸ் இடுக்கில் இறங்கிய பழைய வாடைக்குச் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் கேட்கிறது. பிளீச்சிங் பவுடரை மட்டும் சிறுநீர்மேல் கொட்டக் கூடாதென்று வேலைக்கு வரும் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும், நீ வீட்டில் இருக்கும்போது அது கூடவே கூடாது.

தண்ணீரைக் குறைத்து வைத்தால் ஒழுகாதே என்று உன் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். அதைப் பல வீடுகளில் செய்கிறார்கள், அது கொடுமை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் தொற்றும் கூடும்; சிறுநீரகம் பழுதான நாயாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. பாளையங்கோட்டை அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு நாயைத் தாகத்தில் வைக்க எனக்கு மனம் வராது. அதற்குப் பதிலாக அடிக்கடி வெளியே கூட்டிப்போகிறோம்: எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், நாங்கள் படுக்கும் முன், நடு இரவில் அப்பா பாத்ரூமுக்கு எழும்போது. மூட்டு தேய்ந்திருப்பதால் வழவழப்பான தரையில் எழுவதற்குள் அவசரம் முந்திவிடுகிறது. படுக்கையிலிருந்து கொல்லைக் கதவு வரை தேங்காய்நார் மிதியடியை வரிசையாகப் போட்டபின், வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துச் சற்றுத் தூக்கிவிட்டால் தானே நடந்து போகிறது.

இனி குழந்தை விஷயம். நாயின் சிறுநீரால் வரக்கூடியதில் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். ஜூலிக்கு அதற்கான தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்கிறோம். ஆனாலும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி அந்த நோயின் எல்லா வகைக் கிருமிகளையும் தடுக்காது என்பதால், அதன் ஈரத் துணியையோ படுக்கையையோ நீ தொட வேண்டாம். நானே கையுறை போட்டு எடுத்து, தனி வாளியில் ஊறவைத்து, உங்கள் துணிகளோடு சேராமல் துவைப்பேன். ஜூலியின் இடத்தைப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றியாயிற்று. கொசுவலையும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம். நீ தங்கப்போகும் மாடி அறைக்கு அதனால் ஏற முடியாது. குழந்தைக்குக் கழுத்து நின்று, உனக்கும் உடம்பு தேறியபின், நீ விரும்பினால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காட்டலாம். நாங்கள் பக்கத்தில் இருந்து பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக விடமாட்டோம். இதையெல்லாம் உன் மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சம்பந்தி அம்மாவுக்கு அவர் சொன்னால் இன்னும் நிம்மதியாக இருக்கும்.

ஊசி போடுவதைப் பற்றி மருத்துவரிடம் நானே கேட்டேன். சாப்பாட்டில் ஆசை இருக்கிறதா, நம்மை அடையாளம் தெரிகிறதா, வலியில்லாமல் தூங்குகிறதா, நல்ல நாட்கள் கெட்ட நாட்களைவிட அதிகமா என்று பாருங்கள் என்றார். தயிர்சாதம் பிசையும் சத்தம் கேட்டால் ஜூலி இன்னும் எழுந்து வருகிறது. கேட் திறந்தால் வாலாட்டுகிறது. வலி தாங்காமல் அது துடிக்கும் நாள் ஒன்று வந்தால், மருத்துவர் சொல்வதைக் கேட்டு நானும் அப்பாவும் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியதைச் செய்வோம். காப்பகத்தில் விடுவதற்கு மட்டும் என்றைக்கும் ஒப்ப மாட்டேன். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த உயிர், மருந்தும் பராமரிப்பும் வேண்டிய வயதில் கூட்டத்துக்குள் எப்படிப் பிழைக்கும்?

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. சம்பந்தி அம்மாவுக்கும் படித்துக் காட்டச் சொல். அவர்களுக்கு வேறு சந்தேகம் இருந்தால் என்னிடமே கேட்கட்டும், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ வரும்போது பெங்களூரில் பெரிய நாய்களுக்கான, கழற்றித் துவைக்கும் உறை போட்ட நீர்புகா மெத்தை கிடைத்தால் ஒன்று வாங்கி வா. நான்கடி நீளம் இருக்க வேண்டும். இங்கு தேடினேன், சிறிய அளவுதான் கிடைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு.

இப்படிக்கு,
அன்புடன்
அம்மா