வெளிச்சம் எந்தப் பக்கம்?

கோவில்பட்டி,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கும்பகோணத்துக்காரிக்கு,

பார்சல் வியாழக்கிழமை மத்தியானம் கைக்கு வந்தது. நல்ல மழை நேரம். தபால்காரர் ரெயின்கோட்டுக்குள் வைத்து, நனையாமல் கொண்டுவந்து தந்தார். என் தீப்பெட்டி ஆபீஸ் கதைக்கு ஒரு படம்தான் வரைந்திருப்பதாகச் சொன்னாய். பிரித்தால் மூன்று! இங்க்கில் ஒன்று, கரியில் இரண்டு. கரிப் படம் ஒன்றின் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. அதைத் துடைக்காமல் அனுப்பினாயே, அதற்கே உனக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக உன் படங்களைப் பெரும்பாலும் போன் திரையில்தான் பார்த்து வந்திருக்கிறேன். தாளைக் கையில் பிடித்து, சாய்த்துப் பார்த்து, கரி எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இங்கே மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசியும் நன்றாக முளைத்து வந்திருக்கிறது. மக்காச்சோளம் போட்டவர்களுக்குத்தான் படைப்புழு பயம். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்க விடமாட்டேன் என்கிறது. உங்கள் பக்கம் சம்பா நடவு முடிந்துவிட்டதா?

தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக வைக்கிற பெண்ணின் கதையை ஆடி மாதம் நம் எழுத்துக் குழுவில் போட்டேன் இல்லையா? அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். கைகூப்பிய பொம்மை, பூங்கொத்து, ‘அருமை’, ‘மனதைத் தொட்டது’. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு நாள். கதை உனக்குப் பிடிக்கவில்லை, சொல்லத் தயங்குகிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரே ஒரு வரி வந்தது. ‘அவள் கட்டை அடுக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?’

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன், கூலி குறைந்ததை எழுதியிருக்கிறேன், மெஷின் வந்ததை எழுதியிருக்கிறேன், இவள் வெளிச்சத்தைக் கேட்கிறாளே என்று. ஆனால் கேள்வி போகவில்லை. கதையை எடுத்துத் திரும்பப் படித்தேன். நீ கேட்டதற்கு அதில் பதிலே இல்லை. அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, கதவு எந்தத் திசை, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் எழுதியிருக்கிறேன்.

பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் இருபத்திரண்டு வருஷம் கட்டை அடுக்கியவள் என்று உனக்குத் தெரியும். கேட்டதும் பதில் சொல்லவில்லை. எழுந்து, பாயைத் தள்ளிப் போட்டு, தரையில் உட்கார்ந்து காட்டினாள். மடியில் கட்டை கிடையாது, குச்சி கிடையாது, வெறும் கைதான். வலது கை குச்சியை அள்ளியது, இடது கை பள்ளம் போட்ட சட்டத்தைப் பிடித்தது, விரல்கள் வரிசையாகத் தடவிக்கொண்டே போயின. ஒரு சட்டம் நிறைந்ததும் அதன் மேல் அடுத்த சட்டம். அவள் ஆபீசை விட்டு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, விரல் மறக்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள்: “வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி வந்தா ஒன் நெழலே கட்டையில விழுந்துரும். மூஞ்சிக்கு நேரா வந்தா கண்ணு கூசும். எடது பக்கமா வரணும். வாசல ஒட்டி அப்படி நாலு எடந்தான் இருக்கும். அதுக்குத்தான் அடிபிடி.”

நான் கேள்விப்படாத விஷயம் இது. அந்த நாலு இடத்தில் யார் உட்காருவது என்று அந்த ஆபீசில் எழுதாத சட்டம் ஒன்று இருந்திருக்கிறது. வயசில் மூத்தவர்களுக்கு ஒன்று, கண் மங்கியவளுக்கு ஒன்று, கைப்பிள்ளைக்காரிக்கு ஒன்று. மிச்சம் ஒன்றுக்குத்தான் சண்டை. கட்டைக் கணக்குக்குத்தான் கூலி என்பதால் வெளிச்சத்தில் உட்கார்ந்தவள் சாயங்காலம் இரண்டு கட்டை கூட அடுக்கிவிடுவாள். பெரியம்மா முதல் மூன்று வருஷம் உள்ளே இருட்டில் உட்கார்ந்தவள். வாசல் பக்கத்து இடம் கிடைத்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாளாம்.

கதை அங்கே இருந்தது. என் ஒன்பது பக்கத்தில் அது இல்லை. உன் ஒரு வரிக் கேள்விதான் என்னை அந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. முதல் ஆறு பக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது கதை பாயசத்தில் ஆரம்பிக்கிறது. திருத்தியதை உனக்கு மட்டும் அனுப்பினேன், அதற்குப் பதிலாக இந்த மூன்று படம் வந்து நிற்கிறது.

போன மாதம் இங்கே எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) மணிமண்டபத்துக்குப் போயிருந்தேன். அப்படியே பஸ் ஏறி, அவர் ஊரான இடைசெவலில் இறங்கி, ஊருக்குள் சும்மா ஒரு நடை நடந்தேன். அந்தச் சின்ன ஊரில் 1923-ஆம் வருஷம் ஒரே மாதத்தில் கி.ரா.வும் இன்னொரு எழுத்தாளர் கு. அழகிரிசாமியும் பிறந்திருக்கிறார்கள். மண்ணின் மகிமை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. சின்ன வயசிலிருந்தே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள், பாட்டுக் கேட்டார்கள், ராகத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், அப்புறம் மலாயாவுக்குப் போய்ப் பத்திரிகையில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார். கடிதம் நிற்கவில்லை. அழகிரிசாமி நண்பருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. 1970-இல் அவர் போய்விட்டார், ஐம்பது வயசுகூட ஆகவில்லை. அதற்கப்புறம் கி.ரா. ஐம்பது வருஷம் எழுதினார், 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமாகும்வரை. முதலில் படித்துப் பார்க்க அந்த ஒரு ஆள் இல்லாமல் அத்தனை வருஷம் எழுதியது எப்படி இருந்திருக்கும் என்று அந்தத் தெருவில் நின்று நினைத்தேன். உன் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரிதான் உனக்குப் போன் பண்ணி ஒன்றும் பேசாமல் ‘சாப்பிட்டாயா’ என்று மட்டும் கேட்டேன்.

இன்னொன்றும் நினைத்தேன். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் கரிசல் கட்டுரைத் தொடருக்குப் படம் போட்டவர் ஓவியர் ஆதிமூலம். அவர் கரிசல்காரர் இல்லை, திருச்சிப் பக்கம் துறையூரை ஒட்டிய கீராம்பூர். ஆனாலும் எனக்குக் கரிசல் முகம் என்றால் இன்றைக்கும் அவருடைய கோடுதான் கண்ணுக்குள் வருகிறது: தலைப்பாகை, கன்னத்துக் குழி, நரம்பு புடைத்த கை. உள்ளூர்க்காரர் எழுத, வெளியூர்க்காரர் பார்த்தார். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. நீ தீப்பெட்டி ஆபீசுக்குள் கால் வைத்ததே இல்லை. அதனால்தான் உனக்கு வெளிச்சத்தைக் கேட்கத் தோன்றியது.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தையும் எழுதியாக வேண்டும். போன வருஷம் என் கதையை வாங்கிப் போட்ட பத்திரிகையில் உன் படம் வந்தது, உன் பெயர் வரவில்லை. அதை நான் நாலு நாள் கழித்துத்தான் கவனித்தேன். என் பெயர் இருக்கிறதா என்று பார்த்த கண் உன் பெயரைத் தேடவில்லை. நீ ‘பரவாயில்லை’ என்றாய். பரவாயில்லை இல்லை. அடுத்த இதழில் மூலையில் ஒரு வரி திருத்தம் போட்டார்கள், அதை யார் படித்திருப்பார்கள்? கதையோடு வரும் படம் அலங்காரம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இந்தக் கதையை எங்கே கொடுத்தாலும் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று எழுதிக் கேட்டு, சம்மதம் வந்த பிறகுதான் கொடுப்பேன். இதில் நீ விட்டுக்கொடுக்கச் சொன்னாலும் நான் கேட்கப் போவதில்லை.

குழுச் செய்தி. காரைக்குடி ஐயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் படிக்கக் கூடாதாம், அதனால் தினம் ஒருவர் போன் பண்ணிக் கதை வாசித்துக் காட்டுகிறோம். செவ்வாய் உன் முறை, மறந்துவிடாதே. மெதுவாக வாசி, அவருக்கு வேகம் ஆகாது. சேலத்து அக்கா திரும்பி வந்துவிட்டார். அவர் கவிதையைப் பற்றி நான் சொன்னதில்தான் மனம் நொந்து இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். நான் சொன்னது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன், பத்துப் பேர் முன்னால் சொன்னதுதான் தப்பு. நீ என்னிடம் கேட்டதைத் தனியாகக் கேட்டாய். அதை உன்னிடமிருந்து கற்றுக்கொள்ள எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது. அக்காவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தக் கவிதையின் கடைசிப் பத்தியை மாற்றி எழுதி வைத்திருந்தார். வாசித்துக் காட்டினார். ரொம்ப நன்றாக இருக்கிறது.

நந்தனம் புத்தகக் காட்சியில் முதல்முறை உன்னை நேரில் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பழகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. பஜ்ஜிக் கடை வரிசையில் பின்னால் நின்று யாரிடமோ ‘கொஞ்சம் நகருங்களேன்’ என்றாய், குரல் கேட்டுத் திரும்பினேன். அன்றைக்கு நீ என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். மூன்று படத்தையும் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதற்கு ஊரே பேசியது, லைட்டர் வந்து தொழில் போனதற்கும் பேசியது, “நாங்க உக்காந்த எடத்த ஒருத்தி படம் போடுவான்னு நெனைக்கவே இல்ல” என்றாள். இங்க்கில் போட்ட வாசல் வெளிச்சம் சரியாக இருக்கிறதாம், சாயங்கால வெளிச்சமே அதுதானாம். ஆனால் பெரிய கரிப் படத்தில் விரலை வைத்துச் சொன்னாள்: “இந்தப் பிள்ள ரெண்டு காலையும் மடக்கி உக்காந்திருக்கா. அப்படி ஒரு மணி நேரம் உக்காந்தா கால் மரத்துப் போகும். எடது காலு நீட்டி இருக்கணும், வலது காலு மடங்கி இருக்கணும். கட்டை தொடையில சாஞ்சிருக்கும்.”

உட்கார்ந்தும் காட்டினாள். போட்டோ எடுக்கிறேன் என்றேன், விடவில்லை. ‘வரைஞ்ச பிள்ளைய வரச் சொல்லு, காட்டித் தாரேன்’ என்கிறாள். ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்கு முன்னால் இங்கே இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கரித்துண்டும் தாளும் எடுத்து வா. இத்துடன் கடலைமிட்டாய் இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று உன் மாணவர்களுக்கு.

உன்,
கோவில்பட்டிக்காரி