பிள்ளை மாறாட்டமாகக் கதைக்கிறான் என்று தாய் சொன்னால் எழுதிவையுங்கள்

கிழக்கு மாகாணச் சுகாதாரத் துறையினருக்கும், திருகோணமலை மாவட்டத்தின் சிறுவர் வாட்டுகளில் பணிபுரியும் வைத்தியர்கள், தாதியருக்கும் வணக்கம்.

புற்றுநோய் வந்த எங்கள் பிள்ளைகளை மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் மருந்தேற்றிக்கொண்டு வருகிறோம். இடையில் காய்ச்சல் கண்டால் உங்களிடம்தான் ஓடிவருகிறோம். இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்துக் காய்ச்சலுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். அது உயிர் காக்கும் மருந்து. எந்தப் பெற்றோரும் அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஏற்றத் தொடங்கிய பிறகு பிள்ளையின் புத்தியில் தெரியும் மாற்றத்தையும் யாராவது பார்க்க வேண்டும்.

இந்தக் காய்ச்சலுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் செஃபெபைம் என்ற அன்டிபயோட்டிக்கில் 85 சதவீதமளவு சிறுநீரோடுதான் வெளியேறுகிறது. சிஸ்பிளாட்டினோ மெதோட்ரெக்சேட்டோ போன்ற புற்றுநோய் மருந்து ஏறிய பிள்ளையின் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கலாம். அதற்கேற்ப அளவைக் குறைக்காவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி மூளையைத் தாக்கலாம். மாறாட்டம் வரும், கை கால் வெட்டி இழுக்கும், பேச்சுக் குழறும். உடம்பு துடிக்காமலே உள்ளுக்குள் ஓடும் வலிப்பும் உண்டு. பார்ப்பவருக்குப் பிள்ளை அசந்து கிடப்பதாகத்தான் தெரியும். இதைப்பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012 இலேயே எச்சரித்தது.

என் அக்காவின் மகனுக்கு வேறொரு மாவட்டத்து வைத்தியசாலையில் இது நடந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிய கை வெட்டி, படுக்கையெல்லாம் நனைந்துபோனது. தங்கச்சியின் பெயரென்ன என்று கேட்டால் "பள்ளிக்கூடம்" என்றான். அக்கா ஓடிப்போய்ச் சொன்னாள். அங்கே நின்றவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை, அவளுக்குச் சிங்களம் அரைகுறை. காய்ச்சல் மயக்கம், தூங்கட்டும் என்றார்கள். மறுநாள் ஒரு வைத்தியர் மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈஈஜி எடுக்கச் சொன்ன பிறகுதான் மருந்தை மாற்றினார்கள். சில நாளில் பிள்ளை தெளிந்தான். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடக்கூடிய விசயம் இது. அதனால்தான் அந்த ஓரிரவை எங்களால் பொறுக்க முடியவில்லை.

மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக் நீண்டநாள் ஏறினால் நடை தள்ளாடலாம், கால் விறைக்கலாம். புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டினும் காலைத்தான் பிடிக்கும் என்பதால் பழி அதன்மேல் போய்விடும். அமிக்காசின், ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக்குகள் காதைக் கெடுக்கக்கூடியவை; சிஸ்பிளாட்டினும் ஏறிய பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூட. அப்படிக் கெட்ட காது பெரும்பாலும் திரும்பாது.

ஆகவே, பிள்ளையோடு இரவும் பகலும் இருக்கும் தாய் "இவன் வழமையாக இப்படி இல்லை" என்று சொன்னால், நேரத்தோடு பிள்ளையின் கட்டில் டிக்கட்டில் (நோயாளிக் குறிப்பேட்டில்) எழுதி, அன்றே வைத்தியருக்கு அறிவியுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரைக்கொண்டு பிள்ளையோடு கதைத்துப் பாருங்கள். தெரியாத பாஷையில் மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. வேறிடத்துக்கு அனுப்பும் கடிதத்தில் எந்த அன்டிபயோட்டிக், என்ன அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கடைசியாக எவ்வளவு என்று கட்டாயம் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டிய குறிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, மருந்து தொடங்கும்போதே பெற்றோர் கையில் கொடுங்கள். அதை எழுதித்தர நாங்கள் சில பெற்றோரும் உறவினரும் ஆயத்தமாக இருக்கிறோம். மருத்துவ விபரங்களை உங்களில் ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு சித்தி,
உப்புவெளி, திருகோணமலை